தங்கூசி கட்டிய கிட்டார்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய என் கிட்டார்தான். காலையில் போகும்போது துருப்பிடித்துப் பழுப்பாகக் கிடந்த அதன் ஆறு கம்பிகளையும் காணோம். அந்த இடத்தில் கண்ணாடி போல ஆறு நரம்புகள் சன்னல் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தன.

அண்ணன் கன்னியப்பன் தரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் வாயோரத்தில் ஒரு சிரிப்பை அடக்கி வைத்திருந்தான். ஏதோ பெரிய காரியம் செய்து முடித்தவன் முகம் அது.

"துரு புட்ச்ச கம்பிய வெச்சிகினு எப்பிடிமே வாசிப்பே? அல்லாத்தையும் கழ்ட்டிட்டு தங்கூசி கட்டிட்டேன். இனிமே உப்புத் தண்ணியில முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆவாது" என்றான்.

தங்கூசி என்பது எங்கள் ஆட்கள் தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு. அதில் தடிமனுக்கு ஒன்று, மெலிசுக்கு ஒன்று என்று பல நம்பர்கள் உண்டு. அண்ணன் கழற்றிய கம்பிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே வரிசையில் தடித்ததிலிருந்து மெலிந்ததுவரை பொறுக்கிக் கட்டியிருந்தான். கிட்டார் கம்பியின் நுனியில் ஒரு குண்டு இருக்குமே, அது வேண்டும் என்று வலையின் ஈயக்குண்டுகளில் குட்டியாகப் பார்த்து ஒவ்வொன்றிலும் முடிந்திருந்தான். முடிச்சுகள் அவ்வளவு அழகு. எந்தச் சுறா இழுத்தாலும் அவிழாது.

கிட்டாரை எடுத்து மடியில் வைத்து ஒரு தட்டு தட்டினேன்.

ஜர்ர்ர் என்றது. ஆறு நரம்பும் ஆறு விதமாக இரைந்தன. அடுப்படியில் இருந்த அம்மா, என்னடி இது, டிரான்சிஸ்டர் ரிப்பேரா என்று கேட்டாள். அண்ணனின் சிரிப்பு மெதுவாக உள்ளே போனது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குக் கச்சேரி.

உப்புக் காற்று

அந்தக் கச்சேரி ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் கடலுக்கு முகம் பார்த்த குப்பம் எங்களுடையது. அங்கே இரும்பு என்று எதையும் நம்ப முடியாது. சைக்கிள் செயின், பீரோ கீல், டியூப்லைட் பட்டை எல்லாம் வாங்கிய சூட்டில் பல்லை இளித்துவிடும். கல்யாணத்துக்கு வாங்கிய குத்துவிளக்கைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள். கிட்டார் கம்பிக்கும் தடவிவிட்டு என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

கிட்டார் கல்கத்தாவில் செய்தது. ராயபுரத்தில் என்னோடு படித்த ஒரு பெண் கல்யாணமாகி வெளியூர் போகும்போது, மாமியார் வீட்டில் இதற்கு இடமில்லை என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வாசிக்கவும் அவளிடம்தான் கற்றேன். மீன்காரக் குடும்பத்துப் பெண்ணுக்கு எதற்கு இது என்று கேட்டவர்கள் நிறைய. எனக்கு நன்றாக வாசிக்க வரும், அவ்வளவுதான். வருவதை வரும் என்று சொல்ல எனக்கு அன்றும் கூச்சம் கிடையாது, இன்றும் கிடையாது.

ரூபன் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் நான் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாஸ்டருக்குப் பெரம்பூர். ரயில்வே வேலை, மாலையில் கீபோர்டு. குழுவும் அவருடையதுதான். ரொம்ப நல்ல மனிதர், ஆனால் சத்தத்தில் ஒரு பிசிறு வந்தால் மனிதர் மாறிவிடுவார். அப்போது அவர் புதுசாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் வயலின், இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல். கிட்டாருக்கும் ஒரு பொத்தான் இருந்தது.

இந்தக் கச்சேரிக்கு முந்தைய வாரம் எர்ணாவூரில் ஒரு காதுகுத்து விழாவில் வாசித்தோம். துருப்பிடித்த கம்பிகளில் என் கிட்டார் தகர டப்பா போலக் கேட்டது. நானே உணர்ந்தேன். முடித்துவிட்டு ஒயர்களைச் சுருட்டும்போது மாஸ்டர் என் பக்கம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பூங்கா, எங்கிட்ட பொத்தான் கீது. இருந்தும் ஒன்ன இட்டுகினு வர்றேன்னா, நீ வாசிச்சா நல்லா கீதுன்னுதான். அடுத்த கச்சேரியில இப்பிடி கேட்டுதுன்னா நான் பொத்தானயே அமுக்கிக்கறேன். மனசுல வெச்சிக்காதே."

பூங்கா என்பது நான், பூங்காவனம். அடுத்த கச்சேரி எங்கள் குப்பத்திலேயே, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று. சொந்த ஜனம் முன்னால் குழுவை விட்டு இறங்க வேண்டிவந்தால் அப்புறம் எந்த மேடையும் எனக்கு இல்லை. இதைத்தான் வீட்டில் வந்து புலம்பினேன். அண்ணன் வலையைத் தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதன் பலன்தான் இப்போது என் மடியில் இருந்தது.

தப்பே செய்யாத மனிதன்

கன்னியப்பன் எனக்கு மூத்தவன். அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் பிறந்ததிலிருந்து ஒரு தப்பும் செய்ததில்லை. இது அவனே சொன்னது.

ஒருமுறை நல்ல பகல் வெளிச்சத்தில் படகைக் கொண்டுபோய் மணல்திட்டில் ஏற்றிவிட்டான். கூட இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினார்கள். கரைக்கு வந்து அண்ணன் சொன்ன காரணம், மணல் இடம் மாறிவிட்டது. இன்னொரு முறை அம்மா பூசணிக்காய் வாங்கி வரச் சொன்னதற்குச் சுரைக்காய் வாங்கி வந்தான். கடைக்காரன் வைத்த இடம் தப்பு என்றான். குப்பத்தில் ஒரு பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ, கன்னியப்பனைக் கேட்காதே, அது தானாகவே போயிருக்கும் என்று கிண்டல் செய்வார்கள்.

அன்றும் அதேதான். பழைய கம்பிகள் எங்கே என்று கேட்டேன். தடித்த மூன்றும் ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தன. மெலிந்த மூன்றைக் காணோம்.

"அது கடலுக்குப் போயிட்ச்சு" என்றான்.

சீலா மீனுக்குப் பல் அதிகம். தங்கூசியைக் கடித்துத் துண்டாக்கிவிடும். அதனால் தூண்டில் முள்ளை ஒட்டி ஒரு சாண் கம்பி கட்டுவது வழக்கம். என் மெலிந்த கம்பிகளை அதற்கென்று தோஸ்து ஒருவனிடம் கொடுத்துவிட்டிருக்கிறான். அந்தத் தோஸ்து மத்தியானமே படகேறிவிட்டான். கிட்டார் கம்பி விற்கும் கடைகள் மவுண்ட் ரோடு பக்கம்தான். இந்நேரம் பூட்டியிருக்கும், நாளை ஞாயிறு, திறக்கவே மாட்டார்கள்.

உன்னை யார் தொடச் சொன்னது என்று கத்தினேன். அவன் வலையைக் கீழே வைத்தான்.

"தங்கூசி மேல தப்பு இல்ல. உன் கட்டையிலதான் இன்னாமோ தப்பு கீது" என்றான்.

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை என்று சற்று நேரத்தில் தெரிந்தது.

மடித்த பஸ் டிக்கெட்

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில். இரும்புத் தண்டுகள் நேராக இருக்கின்றனவா, வளைந்திருக்கின்றனவா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. கண்ணை ஒரு முனையில் வைத்து மறுமுனையைப் பார்த்தால் முடியளவு கோணலும் எனக்குத் தெரியும். அழுது முடித்ததும் கிட்டாரைத் தூக்கி அப்படித்தான் பார்த்தேன்.

கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது.

ஸ்டீல் கம்பி போடும் கிட்டாரின் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடும். கம்பிகள் கழுத்தை முன்னால் இழுக்கும், தண்டு பின்னால் இழுக்கும். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை கழுத்து ஒழுங்காக நிற்கும். தங்கூசிக்கு அவ்வளவு இழுவை கிடையாது. கயிறு இழுக்கும் பந்தயத்தில் ஒரு பக்கம் சட்டென்று விட்டால் மறுபக்கம் மல்லாக்க விழுமே, அதுதான் என் கிட்டாருக்கு நடந்திருந்தது.

பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்தேன். நரம்பை, கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டைகளில் முதலாவதிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுவில் பார்க்க வேண்டும். டிக்கெட்டை ஒரு மடிப்பு மடித்துச் செருகினால் உரசாமல் போக வேண்டும். மடிக்காமலே போகவில்லை. நரம்பு கட்டைகளின் மேல் படுத்துக் கிடந்தது. அப்புறம் ஏன் இரையாது?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தலைப்பக்கம் நரம்புகள் உட்காரும் வெள்ளைப் பட்டையில் ஆறு வெட்டுகள் இருக்கும். மெல்லிய கம்பிக்கான வெட்டில் தங்கூசி உட்காராது என்று அண்ணன் ஹாக்சா பிளேடால் மூன்றை அகலப்படுத்தியிருந்தான். சுத்தமான வேலை. ஆனால் ஆழமாகப் போய்விட்டது.

காரணம் தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. எதனால் கெட்டது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இது கம்பெனியில் நான் கற்றது.

ஆப்ப சோடா

படகு எஞ்சினுக்கான டூல் டப்பா எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். அதில் எல் வடிவ ஆலன் கீகள் ஒரு கொத்து உண்டு. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் ஒன்று தண்டின் தலையில் கச்சிதமாகப் பொருந்தியது. இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் தளர்த்தினேன். மரத்துக்கு மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகத் திருகினால் விரிசல் விட்டுவிடும். சாப்பிட்டுவிட்டு வந்து இன்னும் கொஞ்சம் தளர்த்தி, அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் கழுத்து நேராகி, ஒரு பொட்டு முன்னால் வந்திருந்தது. டிக்கெட்டை மடித்துச் செருகினேன். போனது.

அம்மா கூழுக்குக் கேழ்வரகு கிளறிக்கொண்டிருந்தாள். ஆப்ப சோடா கேட்டேன். எதற்கு என்றாள். கிட்டாருக்கு என்றேன். அண்ணனும் தங்கையும் சேர்ந்து அந்தக் கட்டையைச் சமைத்துத் தின்றுவிடுங்கள் என்று டப்பாவை நீட்டினாள். வெட்டுகளில் சோடாவை அழுத்தி, உடனே ஒட்டும் பசையில் ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகிவிடும். கம்பெனியில் விரிசல் விட்ட பிளாஸ்டிக் மூடிகளை அப்படித்தான் அடைப்போம். இறுகியதும் சின்ன அரத்தால் வேண்டிய ஆழத்துக்கு மட்டும் வெட்டினேன்.

தடித்த தங்கூசி மூன்றும் தொளதொளவென்று இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கிய பழைய தடித்த கம்பிகளை மண்ணெண்ணெய்த் துணியால் துருப் போகத் தேய்த்து மாட்டினேன். மெலிந்த மூன்று மட்டும் தங்கூசி. அதுவும் பேர் போன சரக்கு. கட்டுவதற்கு முன் அண்ணன் அதைப் படகுக் கட்டையில் முடிந்து நன்றாக இழுத்து வைத்திருக்கிறான் போல, சுருதி அதிகம் இறங்கவில்லை.

ஆனாலும் மேல் கட்டைகளில் ஒரு ஜர் மிச்சமிருந்தது. நைலான் அதிக அகலத்துக்கு ஆடும். கீழ்ப்பக்கம் நரம்புகள் ஏறி உட்காரும் பட்டையை ஒரு நூல் உயர்த்த வேண்டும். அடியில் வைக்க மெல்லிய, கெட்டியான துண்டு ஒன்று வேண்டும். அட்டை வைத்தால் சத்தம் செத்துப்போகும். நான் வீடெல்லாம் தேடுவதை அண்ணன் வாசலில் நின்று பார்த்தான். முந்தின நாளிலிருந்து பேசவில்லை.

உள்ளே வந்தான். தன் வலை ஊசியை எடுத்தான். பிளாஸ்டிக் ஊசி, ஆனால் வருடக்கணக்காகக் கைபட்டு வழுவழுவென்று ஆனது. அதை வேறு யார் தொட்டாலும் சண்டைக்குப் போவான். கத்தியை வைத்து அதன் தட்டையான பக்கத்தை ஒரே சீவாகச் சீவி, அந்தச் சீவலை என் முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

அளவாக நறுக்கி அடியில் வைத்தேன். பட்டையைப் பொருத்தி, சுருதி சேர்த்து, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக அழுத்தி வாசித்துப் பார்த்தேன். இரைச்சல் இல்லை. கனத்த கம்பிகள் கணீரென்றும் தங்கூசிகள் இழைந்தும் பேசின. விரலுக்கும் சுகமாக இருந்தது. இனி மாஸ்டர் பொத்தானைத் தேட வேண்டியதில்லை என்று எழுந்து தலை சீவப் போனேன்.

காந்தத்துக்குத் தெரியாதது

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மேடை தயாராகிவிட்டது. வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கிக் கூம்புகள், முன்னால் மணலில் பாய் விரித்து மொத்தக் குப்பமும். மேடை கட்டியவர்களில் அண்ணனும் ஒருவன் என்பதால் ஓரத்தில் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கிட்டாரின் வாயில், அதாவது நடு ஓட்டையில், சத்தத்தை ஒயருக்கு அனுப்பும் பிக்கப்பை வழக்கம்போல மாட்டி ஒயரைச் செருகினேன். தடித்த கம்பியைத் தட்டினேன். கூம்புகள் அதிர்ந்தன. மெலிந்ததைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. திரும்பத் தட்டினேன். மூச்சே இல்லை.

பிக்கப் என்பது ஒரு காந்தம். காந்தத்துக்கு இரும்பைத்தான் தெரியும், நைலானைத் தெரியாது. வீட்டில் வெறும் கிட்டாரை வாசித்துப் பார்த்து மகிழ்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை. அம்மன் பாட்டு முடிந்ததும் வரும் பாட்டு என் கிட்டாரோடுதான் ஆரம்பம், அதுவும் முழுக்க மெலிந்த நரம்புகளில்.

மாஸ்டர் கேட்டுவிட்டார். என்னைத் திட்டவில்லை. ஒயர் போச்சா என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். அவர் கை தானாகக் கீபோர்டின் பொத்தான் பக்கம் போனது.

"மாஸ்டர், ஒரு மைக்கு குடுங்க. வாயண்ட வெச்சி வாசிக்கறேன். ஒரு பிசிறு கேட்டுதுன்னா நானே எறங்கிப் போய்டறேன்" என்றேன்.

மைக் ஒன்று இருந்தது, அறிவிப்புக்கு வைத்திருப்பது. ஸ்டாண்டு இல்லை. இருந்தவை எல்லாம் தபேலாவுக்கும் டிரம்முக்கும் போய்விட்டன. யாராவது கையில் பிடிக்க வேண்டும். நெருங்கினால் மைக் கீச்சிடும், விலகினால் சத்தம் போய்விடும். அசையாமல் பிடிக்க வேண்டும். மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் புட்சிக்கறேன்" என்றான் அண்ணன்.

அவன் மேடையில் ஏறியதைப் பார்த்துக் கீழே அவன் ஆட்கள் விசில் அடித்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் முன்னால் முட்டி போட்டான். எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். மைக்கை அங்கே கொண்டுவந்தான். அத்தோடு அந்தக் கை நின்றுவிட்டது. ஆடுகிற படகில் நின்று வேலை செய்து பழகிய கை. மேடைப் பலகை டிரம் அடியில் குதித்தது, அவன் கை குதிக்கவில்லை.

அம்மன் பாட்டு முடிந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் ஆரம்பித்தேன்.

என் கிட்டார் அதுவரை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கூம்புகளில் அது குழைவாக வந்தது. ஒரு ஜர் இல்லை, ஒரு உரசல் இல்லை. பாய்களில் பேச்சு அடங்கியது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கிட்டாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் எத்தனையோ நாள் வாசித்திருக்கிறேன். அவன் கேட்டுப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அவன் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. கைத்தட்டல் வந்து ஓய்ந்தது. மாஸ்டர் அடுத்த பாட்டுக்குத் தாளைப் புரட்டினார். அந்த இடைவெளியில் அண்ணன் முகத்து வியர்வையை மைக் பிடித்த கையின் தோளில் துடைக்கத் தலையைத் தாழ்த்தினான். கை மட்டும் அசையாததால் வாய் நேராக மைக்குக்கு வந்தது. என்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"தப்பு என்னுதுதாமே. கம்பிய நான் தொட்டுருக்கக் கூடாது. நீ வாசி."

எல்லாக் கூம்புகளிலும் அது போனது. கோயிலைத் தாண்டி, வலை காயும் மணலைத் தாண்டி, கட்டிக் கிடந்த படகுகள்வரை போயிருக்கும்.

மொத்தக் குப்பமும் எழுந்து நின்று சிரித்தது. பாயைத் தூக்கி வீசினார்கள். கூழ்ச் சட்டியோடு நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னியப்பனா சொன்னான், கன்னியப்பனா சொன்னான் என்று ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மணல் இடம் மாறிய கதையை யாரோ கீழேயிருந்து கத்திக் கேட்டார்கள்.

அண்ணனுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. எழுந்து ஓடியிருப்பான். ஆனால் மாஸ்டர் பாடகரின் மைக்கை வாங்கி, முதல்முறையாக என் பெயரை மேடையில் சொன்னார். கிட்டார், நம்ம பூங்காவனம் என்றார். சொல்லிவிட்டு, அடுத்த பாட்டும் உன்னுடையதுதான் என்று எனக்குச் சைகை காட்டினார். பொத்தான் பக்கம் அவர் கை அன்று போகவே இல்லை.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அவனும் உடைந்துவிடுவான், நானும் உடைந்துவிடுவேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மைக்கை மறுபடி கிட்டாரின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான்.

நான் வாசித்தேன்.